மழை பெய்தால் நிற்கும் குதிரை

தேற்றாத்தீவு,
புதன் காலை.

அன்பின் மச்சான் உதயரூபனுக்கு,

அத்தான் கனகசூரியம் எழுதிக்கொள்வது. சுவிசில் நீயும் உன் வீட்டாரும் குளிருக்குள் கிடந்து நடுங்காமல் இருக்கவேண்டும் என்று ஊர்ப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இங்கே நான் சுகம், உன் அக்கா அன்னப்பிள்ளை சுகம், உன் மருமகள் யசோதினி சுகம், மாடு கன்று சுகம். நீ யசோதினிக்கென்று அனுப்பிய கேம் மெஷினும் பூரண சுகம். கடைசியாகச் சொன்னதை நீ நம்பமாட்டாய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் நீ "அத்தான், அத்தான், ஒரு நிமிஷம்" என்று நடுவில் வந்து விழுகிறாய். நீ எழும்புவதற்குள் உன் அக்கா போனைப் பறித்து மாப்பிள்ளை விசாரிக்கத் தொடங்குகிறாள். கடிதத்துக்குள் ஒருவரும் வந்து விழமுடியாது. ஆகவே ஆற அமர எழுதுகிறேன், மகள் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பார். ஓ.எல் வரைக்கும் போன கையெழுத்து இது. அதற்குமேல் அதுவும் போகவில்லை, நானும் போகவில்லை.

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "அத்தான், மெஷின் உங்கட வீட்டில கிடந்து வீணாப் போகுது. கடல் மணலும் வாவிக் காத்தும் பட்டு உள்ளுக்க கறள் பிடிச்சிருக்கும். யசோவும் கம்பசுக்குப் போகப்போறாள்தானே. ஞாயித்துக்கிழமை வாழைச்சேனையில இருந்து பிரதீஸ் வருவான், கட்டிக் குடுத்து விடுங்க" என்று சொல்லியிருந்தாய். பிரதீஸ் உன் பெரியண்ணனின் மகன், நல்ல பெடியன், மரியாதை தெரிந்தவன். தாராளமாக வரட்டும். வாவி இறால் வாங்கிக் கறி வைத்துச் சோறு போடுகிறோம். தயிர்ச் சட்டி ஒன்றும் கட்டிக் கொடுக்கிறோம். மெஷின் மட்டும் போகாது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையும் போட்டுவிட்டு எழுதுகிறேன். போகாது.

ஏன் போகாது என்று கேள். மகள் பேராதனைக்குப் போவதற்கு முன் அந்த விளையாட்டை நாங்கள் இரண்டு பேரும் முடிக்கவேண்டும். இன்னும் ஒரே ஒரு பாலம்தான் கிடக்கிறது. அந்தப் பாலத்தில் நாங்கள் நிற்பதற்குக் காரணம் மணல் இல்லை, காற்று இல்லை, முக்கியமாக நான் இல்லை. காரணம், விளையாட்டைச் செய்த கம்பனி.

நீ அதை அனுப்பினாயே தவிர பார்த்திருக்கமாட்டாய். ஒரு குமர்ப்பிள்ளை தனியாகக் குதிரையில் ஏறி, வெள்ளம் தின்ற ஒரு நாட்டைக் கடந்து, அந்தக் கரையில் இருக்கிற பட்டணத்துக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோகவேண்டும். வழியெல்லாம் கள்ளரும் பள்ளமும். கொன்ட்ரோலரைப் பிடிப்பது மகள். பக்கத்துக் கதிரையில் இருந்து, வரைபடத்தைப் போனில் வைத்துக்கொண்டு, "இடப்பக்கம் திரும்பு, மதிலுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான்" என்று சொல்லுவது நான். உனக்குத் தெரியும், யசோ என்னோடு கதைக்கிற பிள்ளை இல்லை. "சாப்பிட்டீங்களா, ஓம், இல்ல" அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை, பத்து வயதிலிருந்து. இந்தக் குதிரை வந்த பிறகுதான் அவள் என்னைத் திட்டுகிற அளவுக்கு முன்னேறியிருக்கிறாள். "அப்பா, இடம் எண்டு வலத்தக் காட்டுறீங்க!" எனக்கு இது போதும் மச்சான். திட்டு வாங்கத் திட்டு வாங்க ஆசையாக இருக்கிறது.

இனிக் கம்பனியின் அநியாயத்தைச் சொல்கிறேன். கடையில் விதைநெல் மூட்டை வாங்கினால் மூட்டைக்குள் விதைநெல் இருக்கும். டிஸ்க்கைப் போட்டால் மெஷின் என்ன சொல்லுது தெரியுமா? "இதில் இருப்பது போதாது, மீதி இணையத்தில் இருக்கிறது, இறக்கு" என்கிறது. மகள் அதற்குப் பேர் 'பேட்ச்' என்றாள். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். "சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவீங்களே, அது மாதிரி" என்றாள். புதுச் சைக்கிளை ஓட்டையோடு விற்றுவிட்டு ஒட்டைப் பிறகு அனுப்புகிற வியாபாரத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. ரோசம் வந்துவிட்டது. "ஒட்டு ஒண்ணா மகள், வேணாம். டிஸ்க்கில இருக்கிறத வெச்சே ஓடுவம்" என்று உத்தரவு போட்டேன்.

ஓடினோம். வெயிலில் குதிரை நன்றாகத்தான் ஓடியது. ஊருக்குள் போனபோது ஒரு வியாபாரி வந்தான். சட்டை வந்தது, தலைப்பாகை வந்தது, இரண்டுக்கும் நடுவில் ஆள் வரவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த உன் அக்கா, "ஐயோ, இதென்னகா புள்ள, பேய்ப்படமா பாக்கிறீங்க?" என்று கத்தினாள். "இல்லம்மா, ஆள் இன்னும் லோட் ஆகல்ல." "ஆள் வராம சட்ட எப்பிடி வந்த?" என்று கேட்டாள் பார், அந்தக் கேள்வியை நான் கம்பனிக்கு அப்படியே கேட்கிறேன். பிறகு மழை பெய்தது. மழை பெய்ததும் குதிரை நின்றது. நின்றதென்றால் ஒரேயடியாக நிற்கவில்லை, கால் தூக்கும், யோசிக்கும், வைக்கும். கந்தோரில் பெரியவரைப் பார்க்கக் காத்திருக்கிற ஆள் மாதிரி நகரும். ஒரு செக்கனுக்கு அறுபது படம் வரவேண்டிய இடத்தில் பதினைந்துதான் வருகிறது என்று மகள் விளக்கினாள். நான் கமக்காரன், மச்சான். பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்த்து மழை கேட்டவன். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கதிரையில் இருந்துகொண்டு, "பிள்ளையாரே, மழையை நிப்பாட்டு" என்று கும்பிட்டேன்.

மெஷினில் ஒரு தெரிவு இருக்கிறது. அழகு வேண்டுமா, வேகம் வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தொடு என்று கேட்கும். அழகைத் தொட்டால் குதிரை நிற்கும், வேகத்தைத் தொட்டால் குதிரை களிமண்ணில் பிடித்த மாதிரித் தெரியும். "இதென்ன ஞாயம், ரெண்டும் ஒருமிக்க வேணுமெண்டு நினைக்கிறது பிழையா?" என்று நான் சத்தம் போட, குசினிக்குள் இருந்து உன் அக்கா சொல்கிறாள்: "எனக்கு ரெண்டில ஒண்டும் கிடைக்கல்ல, நான் சத்தம் போட்டனா?" மகள் சிரித்த சிரிப்பில் குதிரை பள்ளத்துக்குள் விழுந்து செத்தது.

மெஷின் சூடாகிறது, விசிறி இரைகிறது என்று போன மாதம் போனில் சொன்னபோதே நீ இந்த மணல் கதையைத் தொடங்கினாய். இரைந்தது உண்மை. நெல் உமி தூற்றுகிற மெஷின் மாதிரி இரைந்தது. உன் அக்கா பயந்து, "வைகாசிச் சடங்கு முடிய அம்மனுக்குக் குளிர்த்தி பாடுற மாதிரி இதுக்கும் ஒண்டு பாடோணும் போல கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு ஈரச் சீலையைப் பிழிந்து அதற்குப் போர்த்த வந்தாள். மறித்தவன் நான். அந்த ஒரு புண்ணியத்தையாவது என் கணக்கில் எழுது. அதற்குப் பிறகு, நீ சொல்லிவிட்டாயே என்று மெஷினைத் தலையணை உறைக்குள் வைத்து, மோட்டார் சைக்கிளில் மகள் மடியில் ஏந்திக்கொண்டு இருக்க, ஏறாவூர் வரைக்கும் போனோம். அங்கே இல்ஹாம் என்று ஒரு தம்பி, இந்தச் சாமான்கள் திருத்துகிறவர். கழற்றிப் பார்த்தார். மணல் இல்லை, கறள் இல்லை, ஒரு பல்லி முட்டைகூட இல்லை. "அண்ணன், மெஷின் நல்லம். கம்பனிக்காரன்தான் வேகாத சோத்த உங்களுக்குப் போட்டிருக்கான். ஒட்டு வரும், போட்டுப் பாருங்க" என்றார். "அத ஒண்ணாம் எண்டு சொன்னவர் இவர்தான்" என்று மகள் என்னைக் கையால் காட்டினாள். இல்ஹாம் தம்பி மரியாதைக்குச் சிரிக்காமல் குனிந்து ஆணியைத் தேடினார்.

சரி, ரோசத்தை விட்டு ஒட்டை இறக்குவோம் என்று வந்தால், அது அவ்வளவு பெரிசு. முழு விளையாட்டில் பாதி வரும். எங்கள் வீட்டு வைபை உனக்குத் தெரியும், அது எங்கள் வீட்டு வைபை இல்லை, ஒழுங்கையில் இருக்கிற நாலு வீட்டுக்கும் சேர்ந்த வைபை. போன தடவை வயல் வட்டைக்கு விதானைத் தெரிவு நடந்தபோது கடவுச்சொல்லை நாலு வளவுக்கும் சொல்லிக் கொடுத்தேன், எல்லாரும் எனக்குக் கை தூக்கினார்கள். அது வேறு கதை, அதை யாரிடமும் பறையாதே. இப்போது என்னவென்றால், பக்கத்து வளவுச் சுலோஜனா நாடகம் பார்க்கிறாள், முன்வளவுத் தங்கராசா அண்ணன் கட்டாரில் இருக்கிற மகனோடு படம் போட்டுக் கதைக்கிறார், ஒட்டு எறும்பு மாதிரி ஊருகிறது. நான் படுவான்கரையில் அவ்வளவு பெரிய வட்டைக்குத் தண்ணீர் பங்கிடுகிற விதானை. ஒழுங்கைக்குப் பங்கிடத் தெரியாதா? போகம் தொடங்கக் கூட்டம் போடுகிற மாதிரி வேப்ப மரத்தடியில் கூட்டம் போட்டேன். காலைத் தண்ணி மெஷினுக்கு, பின்னேரத் தண்ணி வளவுகளுக்கு, முறை மாறித் திறக்கிறவருக்குக் குற்றப்பணம் என்று அறிவித்தேன்.

"ஒரு குதிர ஓடுறதுக்கு நான் நாடகம் பாக்காம இருக்கோணுமா அண்ணன்?" என்று சுலோஜனா கேட்டாள்.

"ஓடுறதுக்கு இல்லகா. மழையில நிக்காம இருக்கிறதுக்கு."

"மழை பெஞ்சா நீங்களே வயலுக்குப் போறல்ல. குதிர மட்டும் போகோணுமோ?"

தங்கராசா அண்ணன் தலையைச் சொறிந்தார். "விதானையார், பெரும்போகத்துக்குக் கூட நீங்க இவ்வளவு கடுமையா நிண்டத நான் காணல்ல." இருந்தாலும் எல்லாரும் சம்மதித்தார்கள். நம் ஆட்கள் தண்ணி முறை என்று சொன்னால் கட்டுப்படுவார்கள்.

இப்போது நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், நீ சிரிக்கக்கூடாது. மூன்று காலைத் தண்ணி பாய்ந்து, ஒட்டு எவ்வளவு இறங்கியது என்று காட்டுகிற பச்சைக் கோடு கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. ஓரத்தில் ஒரு விரல் அகலம் மிச்சம். வட்டையில் கடைசி வயல் தளும்பும் வரைக்கும் வாய்க்கால் துருசுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறவன் விதானை இல்லை. கடைசி வயலுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறபோதே கதவை இறக்கிவிட வேண்டும். வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர் போய் மிச்சத்தை நிரப்பும், இறக்காவிட்டால் வரம்பை உடைக்கும். இது என் கைக்குத் தெரிந்த வேலை, மூளையைக் கேட்டுச் செய்வதில்லை. எழும்பிப் போய் வைபைப் பெட்டியை நிப்பாட்டினேன். நிப்பாட்டிவிட்டு, சுலோஜனா பார்க்க, மீசையையும் தடவினேன்.

மகள் ஓடி வந்தாள். "அப்பா! என்ன செய்தீங்க?"

"மிச்சம் வாய்க்கால்ல வருது மகள். பதறாத."

"எந்த வாய்க்கால்ல?"

"வயர்லதான்."

"அப்பா, அதுக்கு வயரே இல்ல!"

போய்ப் பார்த்தால் கோப்பு பழுதாம், முதலில் இருந்து இறக்கவேண்டுமாம். மகள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், நிலத்தில் அப்படியே குந்தி இருந்து, கண்ணால் தண்ணி வரும்வரை சிரித்தாள். இதையும் கம்பனியின் கணக்கில்தான் போடுகிறேன். பாதி வந்த ஒட்டை வைத்திருக்கத் தெரியாத மெஷினுக்கு யார் பொறுப்பு? எங்கள் வயல் பாதித் தண்ணியை வைத்திருக்கும்.

மறுகா கூட்டம், மறுகா முறை. இந்தமுறை சுலோஜனாவே காலையில் வேலிக்கு மேலால் எட்டி, "எவ்வளவு பாஞ்சிருக்கு?" என்று விசாரித்தாள். ஒட்டு முழுதாக இறங்கிய அன்று நாலு வளவு ஆட்களும் எங்கள் முன்விறாந்தையில். கம்பனி எழுதி அனுப்பிய குறிப்பை மகள் எல்லாருக்கும் தமிழில் வாசித்தாள்: "குதிரையின் வால் மயிர் இனிக் காற்றில் தனித்தனியாக அசையும். சில இடங்களில் சிலருக்கு ஏற்பட்ட சில சிரமங்கள் குறைக்கப்பட்டுள்ளன." எந்த இடம், ஆருக்கு, எவ்வளவு? வாய்க்கால் உடைந்தது என்று எழுதிக் கொடுத்தால் 'கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்று வருகிற கந்தோர்க் கடிதங்களை வாசித்து வாசித்துக் கண் பழுதானவன் நான். இந்தப் பாஷை எனக்குப் பழக்கம். போட்டுப் பார்த்தோம். வியாபாரிக்கு உடம்பு வந்திருந்தது, சந்தோசம். சின்ன மழைக்குக் குதிரை நிற்கவில்லை, அதுவும் சந்தோசம். பாலத்தில் ஏறினோம். மழை இறுகியது. வால் மயிர் ஒவ்வொன்றாக, அப்படி ஒரு வடிவாக அசைந்தது. குதிரை அசையவில்லை. படம் உறைந்து, மெஷின் "மன்னிக்கவும்" என்று எழுதிவிட்டு விளையாட்டை மூடிக்கொண்டது. "வால் நல்லாத்தான் கிடக்கு" என்று தங்கராசா அண்ணன் ஆறுதல் சொன்னார்.

தண்ணீர் வருவதற்கு முன்னே, பேர் எடுக்கவேண்டும் என்ற அவசரத்தில் விதைக்கிறவர்களுக்கு எங்கள் வட்டையில் குற்றம் போடுவோம். இந்தக் கம்பனி அதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் மச்சான், நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆட்களா? நான் அந்த விளையாட்டின் வானத்தைப் படித்தேன். வடக்கு மலையில் கறுத்து, பறவைக் கூட்டம் ஒன்று இறங்கினால் கொஞ்சத்தில் மழை வரும். மழை விட்டால் பட்டணத்து மணி அடிக்கும், அதற்குப் பிறகு நல்ல வெயில். அந்த வெயிலுக்குள் ஓடவேண்டும். இன்னொன்றையும் கண்டுபிடித்தோம்: குதிரைக்காரி தூரத்தைப் பார்த்தால் மெஷின் முழுப் பட்டணத்தையும் வரையவேண்டி மூச்சு வாங்குகிறது. நிலத்தைப் பார்த்தால் பலகை மட்டும்தான் வரையவேண்டும், ஓடுகிறது. ஆகவே மகள் நிலத்தைப் பார்த்து ஓட்டுகிறாள், நான் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்கிறேன். பொம்பிளைப் பிள்ளை நிலம் பார்த்து நடக்கவேண்டும் என்று சொன்ன ஆட்களோடெல்லாம் சண்டை பிடித்து வளர்த்த பிள்ளைக்கு நானே சொல்கிறேன், "மகள், நிலத்தப் பாத்து நட!" அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிலத்தைப் பார்த்தாள். நேற்றுப் பாலத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம். அங்கே கம்பனியின் எந்த ஒட்டும் எங்களைக் கொண்டுபோகவில்லை. நாங்களே போனோம்.

ஆகவே என் முடிவு இது. மெஷின் தரமாட்டேன். மகள் கம்பசுக்குப் போகும் நாள் வரைக்கும் அது என் வீட்டுச் சாமான். இரண்டாவது, நீ அங்கே பாஷை தெரிந்தவன், கம்பனிக்கு ஒரு முறைப்பாடு எழுது. தேற்றாத்தீவில் ஒரு வட்டை விதானை சொல்கிறான் என்று எழுது. வால் மயிரை விட்டுவிட்டுப் பாலத்தைத் திருத்தச் சொல்லு. பட்டணத்து மணியும் பறவையும் பார்த்துத்தான் ஓடவேண்டும் என்றால் எங்களுக்கு மெஷின் எதற்கு, எங்கள் வானமே போதும் என்று எழுது. பயப்படாமல் என் பேரையும் போடு. முழுப் பேரையும்.

உன் பிள்ளைகள் படித்து முன்னேறி, உன் வீட்டில் நெல்லும் சிரிப்பும் குறையாமல், அடுத்த சடங்குக்காவது எல்லாரும் ஊருக்கு வந்து போகக் கண்ணகையம்மன் வழிவிடட்டும். உன் அக்கா உனக்குத் தனியாகக் கதைக்க இருக்கிறதாம், போனை எடு.

இப்படிக்கு,
என்றும் விட்டுக்கொடுக்காத அத்தான்,
கனகசூரியம்.

பி.கு: மகள் படம் எடுப்பதற்கு முன் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இதற்குள் கம்பனி அடுத்த ஒட்டை விட்டது, இந்தமுறை சின்ன ஒட்டு. ஒழுங்கையில் ஒருவரும் சொல்லாமலே காலை வைபையை விட்டுக்கொடுத்தார்கள், நான் துருசில் கை வைக்கவில்லை. போட்டோம். மச்சான், பாலம் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. கொட்டுகிற மழையில், தலை நிமிர்ந்து, முழுப் பட்டணத்தையும் பார்த்துக்கொண்டு குதிரை பறக்கிறது. நான் போனில் வரைபடத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். கேட்கிறதற்கு ஒன்றும் இல்லை, சொல்கிறதற்கும் ஒன்றும் இல்லை. பட்டண வாசலில் மகள் குதிரையை நிப்பாட்டினாள். "அப்பா, ஏன் பறையாம இருக்கிறீங்க?" என்றாள். "நல்லாத்தானே போகுது மகள்" என்றேன்.  பிறகு பட்டணத்துக்குள் நுழையாமலே ஒட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மெஷினுக்கு வைபையையும் அடைத்துவிட்டு, வெறும் டிஸ்க்கைப் போட்டாள். அப்படிப் போட்டால் முதலில் இருந்து தொடங்கவேண்டுமாம். தொடங்கிவிட்டோம். சட்டை வந்தது, ஆள் வரவில்லை. "அப்பா, வடக்கால கறுக்குதா பாருங்க" என்றாள். இது கம்பசுக்குப் போக முன் முடியாது, ஒவ்வொரு லீவுக்கும் வந்துதான் முடிக்கவேண்டும். ஆகவே கம்பனிக்கு எழுதாதே. மேலே வாசித்த வேகத்தில் எழுதியிருந்தால் விதானை குடித்துவிட்டுச் சொன்னான் என்று எழுதிவிடு. பிரதீசுக்கும் ஞாயிறு வரவேண்டாம் என்று ஒரு சொல் சொல்லு: நீ நினைத்தது சரி, மணலும் வாவிக் காற்றும் பட்டு மெஷின் உள்ளுக்குள் கறள் பிடித்துவிட்டது, ஒன்றுக்கும் உதவாது.